இதழ் முகப்போவியம்: தொகுக்கும் முறையும் காட்டும் முறையும்

ஓவியரைப் பண்டைத் தமிழ்ச் சான்றோர் 'கண்ணுள் வினைஞர்' என்றனர். மதுரைக்காஞ்சியில் வரும் இத்தொடருக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், காண்பவர் கண்ணிடத்தே தம் தொழிலை நிறுத்துவோர் என்னும் கருத்துப்பட விளக்கம் கூறுவர். சுவரில் நிற்பது வண்ணம். கண்ணில் நிற்பதே ஓவியம் என்பது இதனாற் பெறப்படும். இவ்வளவுகோலைக் கொண்டு சென்ற நூற்றாண்டை அளப்போமாயின், தமிழ் மக்களின் கண்ணுள் மிகுதியாகத் தொழில் நிறுத்தியவர் யாவர் என்னும் வினாவிற்கு விடை காண்பது அரிதன்று. கோயிற் சுவரில் தீட்டியவரும் அல்லர்; செல்வர் மாளிகைக்குத் திரைச்சீலையில் தீட்டியவரும் அல்லர். வார இதழ், திங்கள் இதழ் ஆகியவற்றின் முகப்பில் தீட்டியவரே அவர். சென்னையில் அச்சான ஓர் அட்டை, தஞ்சைச் சிற்றூரின் திண்ணைக்கும் யாழ்ப்பாணத்து வாசகசாலைக்கும் பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டத்தின் லயத்திற்கும் சென்று சேர்ந்தது. அத்துணைப் பரப்பை எட்டிய ஓவியம் நம்மவரிடையே அதற்குமுன் இருந்ததில்லை எனலாம்.

அத்தகைய பழைய அட்டைகளைத் தேடித் தொகுப்போர் இன்று பெருகி வருகின்றனர். சிலர் அவற்றைச் சட்டமிட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டுகின்றனர். சிலர் உணவகச் சுவரை அழகுசெய்யப் பயன்படுத்துகின்றனர். விழாக்களில் கண்காட்சியாக வைப்பாரும் உளர். குப்பைக்குப் போக இருந்த தாளுக்கு மதிப்பு வந்தமை மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் மகிழ்ச்சி வேறு, ஆய்வு வேறு. எதனைத் தொகுப்பது? எவ்வாறு காப்பது? எவ்வாறு காட்டுவது? இம்மூன்று வினாக்களையும் எழுப்பாது, 'பழையது, ஆதலின் அழகியது' என்று கூறி அமைந்துவிடுவது திறனாய்வு ஆகாது. இக்கட்டுரை அவ்வினாக்களை எழுப்பி விடை தேட முயல்கின்றது.

அட்டை அழிந்த வரலாறு

தமிழில் படத்திற்கு இதழ்கள் இடம் தந்தது புதிதன்று. பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' இதழ், 1906ஆம் ஆண்டு தொடங்கிக் கருத்துப் படங்களை வெளியிட்டது. ஆயினும் பாரதியாரின் கவிதைகளையும் கட்டுரைகளையும் தேடித் தேடிப் பதிப்பித்த தமிழுலகம், அவ்விதழ்ப் படங்களைத் தனி நூலாகக் காண 1994 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டில்தான் ஆ. இரா. வேங்கடாசலபதி 'பாரதியின் கருத்துப்படங்கள்' என்னும் தொகுப்பைக் கொண்டுவந்தார். சொல்லைப் போற்றிய நாம் படத்தைப் போற்றவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பின்னர் இதழ்களின் பெருங்காலம் வந்தது. 1926இல் ஆனந்த விகடன் தோன்றி, 1928இல் எஸ். எஸ். வாசனின் கைக்கு வந்து வளர்ந்தது. 1932இல் கலைமகள் எழுந்தது. 1941 ஆகஸ்டில் கல்கி பிறந்தது. 1947இல் குமுதமும் அம்புலிமாமாவும் வெளிவரலாயின. மாலி, கோபுலு, சில்பி, மணியம், கே. மாதவன், எஸ். ராஜம் முதலிய ஓவியர் பெயர்கள், எழுத்தாளர் பெயர்களுக்கு நிகராக மக்கள் நாவில் வழங்கின. தீபாவளி மலர் என்றால் முதலில் அட்டையைப் பார்த்து, அதன்பின் ஆசிரியர் வரிசையைப் பார்ப்பதே வாசகர் வழக்கமாக இருந்தது.

இத்துணைச் சிறப்புற்ற அட்டைகள் எங்கே போயின? அன்பின்மையால் அவை அழியவில்லை. அன்பினாலேயே பெரிதும் அழிந்தன. இது முரண்போல் தோன்றினும் உண்மை. 1950 முதல் 1954 வரை கல்கியில் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னை எண்ணிப் பாருங்கள். வாரந்தோறும் அத்தொடரின் பக்கங்களைப் பிரித்தெடுத்து அடுக்கி, முடிந்தபின் பைண்டு செய்து காத்த குடும்பங்கள் பல. அவ்வாறு காத்தமையால் மணியத்தின் உட்படங்கள் பிழைத்தன. ஆனால் பக்கம் பிரிக்கப்பட்ட இதழின் எஞ்சிய பகுதி, அட்டையோடு கடைக்காரரின் பொட்டலத் தாளாயிற்று. நூலகங்களோ முழு ஆண்டினையும் ஒன்றாகக் கட்டும்போது, தடித்த அட்டையையும் விளம்பரத் தாள்களையும் நீக்கிவிட்டுக் கட்டும் வழக்கத்தை உலகெங்கும் மேற்கொண்டிருந்தன. ஆக, வீட்டிலும் அட்டை நிலைக்கவில்லை, நூலகத்திலும் நிலைக்கவில்லை.

இன்றைய தொகுப்பாளர் இதற்கு நேர்மாறானதைச் செய்கின்றனர். அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளிருக்கும் பக்கங்களைக் கைவிடுகின்றனர். அன்று தொடர்கதையைக் காத்தவர் அட்டையை இழந்தனர். இன்று அட்டையைக் காப்பவர் தொடர்கதையை இழக்கின்றனர். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள் அன்றோ?

வகையும் தகுதியும்

பழைய அட்டைகளை ஒருசேர வைத்து நோக்குவார்க்கு அவை பெரும்பாலும் நான்கு வகையாகப் பிரிந்து நிற்றல் விளங்கும். தெய்வமும் கோயிலும் முதல் வகை. பெண்ணும் பண்டிகையும் இரண்டாம் வகை. நகைச்சுவை மூன்றாம் வகை. தொடர்கதைக் காட்சியும் வரலாற்றுக் காட்சியும் நான்காம் வகை. இவற்றைத் தனித்தனி அளவுகோலால் மதிப்பிடுதல் வேண்டும்.

தெய்வப் படங்களிற் கே. மாதவன் போன்றோர் காட்டிய ஒளியும் உடலமைதியும், நாட்காட்டிப் படங்களோடு நெருங்கிய உறவுடையன. கோவில்பட்டிக் கொண்டையராஜு தீட்டிச் சிவகாசியில் அச்சாகிய தெய்வப் படங்களை அறிந்தார்க்கு இவ்வுறவு எளிதிற் புலப்படும். எஸ். ராஜமோ வேறு வழி சென்றவர். இசைவல்லுநராகிய அவர் அசந்தாவின் கோட்டுமரபைத் தழுவி, உருவத்தின் திரட்சியைக் குறைத்துக் கோட்டின் நளினத்தை மிகுத்தார். முன்னது வழிபடத் தூண்டும். பின்னது நினைக்கத் தூண்டும். இரண்டையும் 'பழைய சாமி படம்' என்று ஒரே சட்டத்தில் அடைப்பது வேறுபாடறியாமையாகும்.

சில்பியின் கோயிற் சித்திரங்கள் இன்னொரு தன்மையன. அவர் சிற்பத்தின் முன் அமர்ந்து கண்டு கண்டு வரைந்தவர். விகடனில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரிசையால் அவர் பெற்ற புகழ் யாவரும் அறிந்தது. அவர் கோட்டில் கற்பனை அடங்கி நிற்கும். கல்லின் அளவும் நிழலும் முன்னிற்கும். ஒரு தூண் சிதைந்திருப்பின் அச்சிதைவையும் கோட்டிற் கொணரும் நேர்மை அது. அதனை அழகு என்று மட்டும் போற்றுதல் குறைவான பாராட்டாகும், அது சான்று.

நகைச்சுவை அட்டைகளே நம் இதழ்க்கலைக்குத் தனிச் சிறப்பு என்பது எம் துணிபு. விகடனின் அட்டையில் ஒரு காட்சி, அதன்கீழ் இரண்டொரு வரி உரையாடல், அவ்வளவே. படத்தை மட்டும் பார்த்தால் நகைப்பு முழுமையாகாது. வரியை மட்டும் படித்தாலும் முழுமையாகாது. கண் படத்திலிருந்து சொல்லுக்குச் சென்று மீண்டும் படத்திற்குத் திரும்பும் அந்த ஒரு நொடியில் நகை பிறக்கும். கோபுலு இன்னும் ஒருபடி மேற்சென்று, சொல்லே இல்லாத நகைச்சுவைப் படங்களையும் வரைந்தார். குடும்பத் தலைவரின் தோளில் கிடக்கும் துண்டு, அடுக்களை வாயிலில் நிற்பவரின் இடுப்பிற் செருகிய முந்தானை, திண்ணையில் அமர்ந்தவரின் முழங்கால் மடிப்பு ஆகியவற்றையே அவர் சொல்லாக்கினார். மெய்ப்பாடு என்று தொல்காப்பியர் வகுத்ததற்குக் கோட்டில் எழுதிய உரை அது எனினும் மிகையன்று.

இரண்டாம் வகையாகிய பெண் முகங்களைக் குறித்து ஒளிவின்றிக் கூறல் வேண்டும். கோலமிடும் பெண், விளக்கேற்றும் பெண், ஊஞ்சலாடும் பெண் என்று தொடங்கிய வரிசையில் அழகிய ஓவியங்கள் உள. ஆயினும் காலம் செல்லச் செல்ல, கடைவாயிலிற் கயிற்றில் தொங்கும் இதழுக்குக் கண்ணை ஈர்க்கும் முகம் வேண்டும் என்னும் வணிகத் தேவை மேலோங்கியது. அவ்வாறு தீட்டப்பட்டவற்றுட் பல ஒன்றையொன்று ஒத்த வெற்று முகங்களே. பின்னர் வண்ணப் புகைப்படம் வந்து நடிகையர் முகத்தை அட்டையில் ஏற்றியபோது ஓவியரின் இடம் சுருங்கியது. பழைய அட்டை என்பதனாலேயே எல்லாம் கலையாகிவிடா. பத்து அட்டைகளை மாட்டுபவர், ஏன் இப்பத்து, ஏன் மற்றையன அல்ல என்று கூறவல்லராதல் வேண்டும்.

வண்ணம் பற்றியும் ஒரு சொல். அக்காலத்து அட்டைகள் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என வெவ்வேறு பிளாக்குகளால் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடப்பட்டவை. உருப்பெருக்காடியில் நோக்கினால் நுண்ணிய புள்ளிகளின் கூட்டமே தோன்றும். பிளாக்கு ஓர் இழை விலகினாலும் உதட்டின் சிவப்பு உதட்டை விட்டு வெளியே நிற்கும். அது ஓவியரின் பிழையன்று. மேலும், வெயில் படும் தாளில் சிவப்பும் மஞ்சளும் முதலில் மங்கும். நீலமும் கறுப்பும் நீண்டு நிற்கும். முடிதிருத்தும் கடைகளில் பல்லாண்டு தொங்கிய படங்கள் நீலம் பாரித்திருந்தமைக்குக் காரணம் இதுவே. அந்த மங்கிய நீலத்தைக் கண்டு 'பழங்காலத்து மென்மை' என்று வியப்பவர், ஓவியரை வியக்கவில்லை, கதிரவனை வியக்கின்றார்.

பிரித்தல் தகுமோ?

அட்டையைத் தனியே பிரித்துச் சட்டமிடுவது தகுமா என்பதே தொகுப்பாளரிடையே உள்ள பெரிய வழக்கு. இதற்கு விடை கூற நெடுநல்வாடை துணை செய்யும். பாண்டிமாதேவியின் கட்டிலின் மேற்கட்டியில் விண்மீன் மண்டிலமும், உரோகிணியைப் பிரியாத திங்களும் தீட்டப்பட்டிருந்தன. கணவனைப் பிரிந்து கிடந்த அரசி அவ்வோவியத்தை நோக்கிப் பெருமூச்செறிந்தாள் என்பது அப்பாட்டின் செய்தி. அந்த மேற்கட்டியை அறுத்தெடுத்து வேறோர் அறையில் மாட்டினால் என்னாகும்? திங்களும் இருக்கும், உரோகிணியும் இருப்பாள், அரசியின் துயர் இராது. ஓவியம் இருந்த இடமும் அதன் பொருளிற் பாதி.

இதழின் அட்டையும் அத்தன்மையது. அது ஒரு குறிப்பிட்ட வாரத்தின் முகம். அவ்வாரத்துத் தலையங்கம் எதைப் பேசிற்று, எந்தத் தொடரின் எந்தக் கட்டம் நடந்தது, எந்தச் சோப்பிற்கும் எந்தத் தலைவலித் தைலத்திற்கும் விளம்பரம் வந்தது என்பவற்றோடு சேர்ந்தே அது பொருள் தரும். பஞ்சம் பற்றிய தலையங்கத்தின் மேல் விருந்து பற்றிய நகைச்சுவை அட்டை இருந்தால், அந்நகைச்சுவையின் சுவையே வேறாகும். ஆகவே முழுதாக இருக்கும் இதழிலிருந்து அட்டையைப் பிரித்தல் கூடாது என்பதே எம் முடிபு.

'இதழோ செல்லரித்துத் தூளாகின்றது. அட்டைத் தாள் மட்டுமே உறுதியாக உள்ளது. அதனையாவது காத்தால் என்ன?' என்று தொகுப்பாளர் வினவலாம். இவ்வினாவில் நியாயம் உண்டு. உட்பக்கங்கள் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சாயின. அத்தாள் தன்னுள்ளிருக்கும் அமிலத்தாலேயே பழுத்து ஒடியும். அந்நிலையில் அட்டையைக் காப்பது கடமையே. ஆனால் பிரிக்குமுன் உட்பக்கங்களை ஒருமுறையேனும் படமெடுத்துக்கொள்ளல் வேண்டும். இதழின் பெயர், நாள், மாலை மணி எண்ணோ மலர் இதழ் எண்ணோ, கிடைத்த ஊர் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி அட்டையோடு சேர்த்து வைத்தல் வேண்டும். இப்பணிக்கு இன்று கைப்பேசியும் கால்மணி நேரமும் போதும். நாளும் பெயரும் இழந்த அட்டை, பெயர்ப்பலகை இழந்த நடுகல் போன்றது. யாரோ ஒருவர் வீழ்ந்தார் என்பது தெரியும், யார் என்பது தெரியாது.

மேலைநாட்டு நிலையோடு ஒப்பிடுதலும் இங்குப் பயன்தரும். நார்மன் ராக்வெல் என்னும் அமெரிக்க ஓவியர் 1916 முதல் 1963 வரை 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' இதழுக்கு முந்நூற்றுக்கு மேற்பட்ட அட்டைகள் தீட்டினார். அவற்றுள் ஒன்றன் மூல ஓவியம் 2013இல் நான்கு கோடியே அறுபது இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அவர் பெயரால் ஸ்டாக்பிரிட்ஜ் என்னும் ஊரில் அமைந்த அரும்பொருளகம் மூல ஓவியங்களோடு அச்சிட்ட அட்டைகளையும் மக்கள் காண வைத்துள்ளது. நம் ஓவியர் பலரின் மூலப் படங்களுக்கோ இன்று அச்சிட்ட அட்டையே எஞ்சிய சான்று. ஆகவே அங்கே அச்சட்டை துணைச்சான்று. இங்கே அதுவே முதற்சான்று. முதற்சான்றைக் கையாள்வோர்க்கு இருக்கவேண்டிய அச்சம் நம் தொகுப்பாளர்க்கும் இருத்தல் வேண்டும்.

முன்னோடி ஒருவர்

தொகுப்பாளர் எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதற்குச் செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா எடுத்துக்காட்டாவார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். எழுதுகோலும் வண்ணமும் அறிந்த அக்கைகள் புத்தகங்களையும் இதழ்களையும் மட்டுமன்றி, நாடக அறிவிப்புகள், அழைப்பிதழ்கள் போன்றவற்றையும் திரட்டின. இது உயர்ந்தது, இது தாழ்ந்தது என்று முன்கூட்டியே முடிவுசெய்து அவர் எதனையும் தள்ளவில்லை. 1992இல் அவர் மறைந்தபின், ஏறத்தாழ ஓரிலட்சம் உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கிற்று. அதனை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. அழகென்று கண்டதை மட்டும் அவர் கத்தரித்து வைத்திருப்பாராயின், ஒரு படத்தொகுப்பு எஞ்சியிருக்கும், நூலகம் எழுந்திராது.

ஈழத்திலும் பாடம் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஓர் இரவில் அழியும் என்னும் கொடிய உண்மையை அந்நெருப்பு உணர்த்திற்று. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகத் திட்டம் ஈழத்து இதழ்களை அட்டை முதல் அட்டை வரை படியெடுத்து உலகோர் காண வைத்துவருகின்றது. டொமினிக் ஜீவா 1966 முதல் நடத்திய 'மல்லிகை', எழுத்தாளரையும் கலைஞரையும் அட்டையில் ஏற்றி, அவரைப் பற்றிய கட்டுரையை உள்ளே தந்தது. அட்டையை நீக்கினால் கட்டுரை முகமிழக்கும். கட்டுரையை நீக்கினால் முகம் பெயரிழக்கும். அட்டையும் உள்ளீடும் உயிரும் உடலும்போல் இயைந்திருத்தலுக்கு அதுவே தக்க சான்று.

பேராக்கில் உள்ள இடைவெளி

இனி நம் மாநிலத்தை நோக்குவோம். கப்பல்வழிப் பினாங்கு வந்து, அங்கிருந்து இரயிலில் ஈப்போவையும் தைப்பிங்கையும் அடைந்த சென்னை இதழ்கள், தோட்டங்களுக்கு வரும்போது பல நாள் பழையனவாகியிருக்கும். ஓர் இதழ் கிராணி வீட்டில் தொடங்கி, ஆசிரியர் வீடு, கோயில் மண்டபம், முடிதிருத்தும் கடை என்று கைமாறிப் பல வீடுகளில் வாசிக்கப்பட்டது. எழுத்தறியாதாரும் அட்டையைப் 'படித்தனர்'. முருகன் அட்டையும் இலக்குமி அட்டையும் லயத்துச் சுவரில் மாப்பசையால் ஒட்டப்பட்டு, சந்தனமும் குங்குமமும் பெற்றன. முகப்போவியத்தின் முதற் கண்காட்சிக் கூடம் ஈப்போவின் உணவகமன்று. தோட்டத்து லயத்தின் பலகைச் சுவரே.

இதனை உணராத தொகுப்பாளர், குங்குமக் கறை படிந்த அட்டையைப 'பழுதுற்றது' என்று ஒதுக்குகின்றார். கறையற்ற படிக்கே விலை கூட்டுகின்றார். சென்னைக் கிடங்கில் யாரும் தொடாது கிடந்த படியைக் காட்டிலும், பேராக் லயத்தில் பூசை பெற்ற படியே வரலாறு உடையது. அக்கறை, அட்டை வாழ்ந்த வாழ்வின் கையொப்பம். அதனைத் துடைத்தல் கல்வெட்டைச் செதுக்கி வழவழப்பாக்குதலுக்கு ஒப்பாகும்.

மற்றொரு செய்தியும் எண்ணத்தக்கது. கல்கி பிறந்தது 1941 ஆகஸ்டில். அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். அம்மாதம் முடிவதற்குள் ஈப்போ வீழ்ந்தது. 1945இல் ஜப்பானியர் சரணடையும் வரை மலாயாவுக்கும் சென்னைக்கும் இடையே வழக்கமான கப்பற்போக்குவரத்தும் தபாலும் இல்லை. ஆதலின் கல்கியின் தொடக்க ஆண்டு இதழ்கள் இங்குள்ள பழைய வீடுகளில் அரிதாகவே இருத்தல் கூடும். பிற்காலத்தில் இந்தியாவிலிருந்து வாங்கிவந்து அந்த ஆண்டுகளை நிரப்பி, 'மலாயாத் தமிழர் படித்த இதழ்கள்' என்று காட்டுவது வரலாற்றைத் திரிப்பதாகும். அந்த வெற்றிடத்தை வெற்றிடமாகவே காட்டுதல் வேண்டும். நான்காண்டு வெறுஞ்சட்டம் ஒன்று சுவரில் தொங்கினால், சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழரின் கதையை அது பேசாதோ?

அதன்பின்னும் இழப்புகள் நேர்ந்தன. 1948 ஜூனில் சுங்கை சிப்புட் நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டத்து லயங்கள் பல பாதுகாப்பின் பொருட்டு வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன; இரப்பர் போய்ச் செம்பனை வந்தது; பின்னர் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்தன. ஒவ்வொரு முறை மக்கள் பெயரும்போதும் தாள்களே முதலில் கைவிடப்பட்டன. அடுக்கு வீட்டிற்குக் குடிபோகும் குடும்பம் அண்டாவை எடுத்துச் செல்லும். பழைய இதழ்க்கட்டைப் பழந்தாள் வண்டிக்குக் கிலோக் கணக்கில் போடும். அவர்களைக் குறை கூறுதற்கில்லை. அதன் மதிப்பை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியவர் நாமல்லமோ?

அட்டையில் இல்லாத முகம்

இந்த இடத்தில் திறனாய்வாளன் ஒரு கசப்பான வினாவை எழுப்பியே ஆகவேண்டும். நாம் கண்ட சென்னை அட்டைகளுள் பால்மரம் வெட்டும் பெண் எங்கே? விடியுமுன் பிரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாக நிரைக்குச் சென்று, மங்கு மங்காகப் பால் சேர்த்த அவளே தன் கூலியிலிருந்து காசு கொடுத்து அவ்விதழை வாங்கினாள். அவள் வாங்கிய அட்டையிலோ பட்டுப்புடவை உடுத்த பெண் வெள்ளிக் குத்துவிளக்கை ஏற்றிக்கொண்டிருந்தாள். பொங்கல் மலர்களை வெளியிட்ட திராவிட இயக்க இதழ்கள் உழவனையும் கதிரவனையும் முகப்பில் ஏற்றியது உண்மையே. அம்மட்டில் அவை உழைப்போர் முகத்திற்கு இடம் தந்தன. ஆயினும் அவ்வுழவனும் காவிரிக்கரை உழவனே. கிந்தா ஆற்றங்கரைத் தொழிலாளி அல்லன்.

இதற்குச் சென்னை ஓவியரை வைதல் நேரிதன்று. அவர் தாம் கண்டதைத் தீட்டினார்; தம்மைச் சூழ்ந்தோர்க்குத் தீட்டினார். குறை வேறிடத்தில் உள்ளது. நம் தொகுப்பாளர் இன்று பெருவிலை கொடுத்துத் தேடுவது அந்தச் சென்னை அட்டைகளையே. அவற்றைக் காக்கச் சென்னையிலும் சிக்காகோவிலும் நிறுவனங்கள் உள. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் வெளியீடுகளின் முகப்புகளைக் காக்க யார் உளர்? 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனின் சிறப்பிதழ்கள், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் மலர்கள், 1952 முதல் கொண்டாடப்பட்ட தமிழர் திருநாள் வெளியீடுகள், பள்ளி ஆண்டு மலர்கள், தோட்டக் கோயில் திருவிழா மலர்கள், தொழிற்சங்கக் கையேடுகள் ஆகியன நம் கையில் மட்டுமே எஞ்சக்கூடியன. அவற்றின் அட்டை ஓவியம் கோபுலுவின் கோட்டிற்கு ஈடாகாது இருக்கலாம். பள்ளியாசிரியர் ஒருவர் மைக்கோலால் வரைந்த பால்மரமும் பள்ளிக் கொட்டகையும் அளவு பிசகியும் இருக்கலாம். ஆயினும் அந்தக் கோணல் மரத்தின் அடியில் நிற்பவள் நம் தாய். அழகை அளக்கும் கோல் ஒன்றே திறனாய்வாளன் கையில் இருத்தல் போதாது. உண்மையை அளக்கும் கோலும் வேண்டும்.

காட்டும் முறை

படத்தை மக்கள் முன் எவ்வாறு காட்டுவது என்பதற்கும் பழந்தமிழ் வழிகாட்டுகின்றது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தை விரித்துரைக்கும். அங்கு வந்தோர் ஓவியங்களைச் சுட்டி 'இது யாது' என வினவினர். உடனிருந்தோர் இவன் காமன், இவள் இரதி, இவள் அகலிகை, இவன் கௌதமன் என்று விளக்கினர். ஓவியம் ஊமையாக விடப்படவில்லை. வினாவும் விடையும் அதனைச் சூழ்ந்திருந்தன. ஈராயிரமாண்டுப் பழமை கூறிப் பெருமை கொள்ளும் நாம், பெயரும் நாளும் இன்றி இருபது அட்டைகளைச் சுவரில் வரிசையாக மாட்டிக் கண்காட்சி என்று கூறலாமா?

ஒவ்வோர் அட்டையின் அருகிலும் ஐந்து செய்திகள் இருத்தல் வேண்டும். இதழின் பெயரும் நாளும் ஒன்று. ஓவியர் பெயர் இரண்டு. பெரும்பாலும் படத்தின் மூலையில் அவர் ஒப்பம் இருக்கும், அதனைத் தேடிப் படித்தல் வேண்டும். இதழினுள் என்ன இருந்தது என்பது மூன்று. எந்த ஊரில், எத்தகைய வீட்டில் கிடைத்தது என்பது நான்கு. ஏன் இது தேர்ந்தெடுக்கப்பட்டது என்னும் கருத்து ஐந்து. ஐந்தாவதே திறனாய்வு, அது இல்லையேல் மற்ற நான்கும் பட்டியல்.

காப்பு முறைகளையும் சுருங்கக் கூறுவோம். நம் நாட்டுக் காற்றின் ஈரம் தாளுக்குப் பகை. பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் அதனால் பெருகும். மூலப்படியை வெயில் படும் சுவரில் மாட்டலாகாது. காட்சிக்கு நல்ல படியச்சு போதும். மூலம் அமிலமற்ற உறையில், தரையைத் தொடாத அலமாரியில் படுக்கைவாட்டில் கிடத்தல் வேண்டும். மூலத்தையே காட்ட நேரின், ஐம்பது லக்ஸ் அளவிலான மங்கிய ஒளியில் குறுகிய காலமே காட்டுதல் அரும்பொருளகத்தார் வழக்கம். கண்ணாடி தாளைத் தொடாது இடைவெளி விட்டுச் சட்டமிடல் வேண்டும். துருப்பிடித்த தையற்கம்பிகளை மெல்ல நீக்கி நூலால் தைக்கலாம். ஒட்டுநாடா ஒட்டுவதும், பிளாஸ்டிக் உறையில் சூடேற்றி லேமினேட் செய்வதும் அறவே கூடா. நாடாவின் பசை சில ஆண்டுகளிற் பழுப்பாகித் தாளுள் இறங்கும். லேமினேட் செய்ததைப் பின்னர்ப் பிரித்தல் பெரும்பாலும் இயலாது. காக்க எண்ணிச் செய்வதே கொல்லும் செயலாகிவிடும்.

பள்ளியிலும் இதற்கு இடமுண்டு. மொழிப்பாடத்தில் படம் பார்த்துக் கதை கூறுதல் உண்டு. காட்சிக்கலைக் கல்வியில் கோடும் வண்ணமும் பயிற்றப்படுகின்றன. நகைச்சுவை அட்டை ஒன்றின் கீழுள்ள வரியை மறைத்துவிட்டு, அங்கே யார் என்ன பேசியிருப்பார் என்று மாணவரை எழுதச் சொன்னால், அவர்கள் உடைநிலையையும் முகக்குறிப்பையும் நுணுகி நோக்கத் தொடங்குவர். அடுத்து, 'இவ்வட்டையில் யார் இல்லை?' என்று வினவுதல் வேண்டும். முதல் வினா கண்ணைத் திறக்கும். இரண்டாம் வினா அறிவைத் திறக்கும். வீட்டிலுள்ள பழைய மலர் ஒன்றைப் பாட்டியிடம் கேட்டு, அதன் கதையை எழுதிவரச் செய்யலாம். இதழைக் கொண்டுவரச் சொல்லவும் வேண்டா. கதையும் கைப்பேசிப் படமும் வந்தாற் போதும். மூலம் அந்த வீட்டிலேயே இருக்கட்டும். ஆனால் அது பழந்தாள் வண்டிக்குரியதன்று என்பதை அவ்வீடு அறியட்டும்.

தொகுப்பு என்பது உடைமையன்று, பொறுப்பு. விலை கொடுத்து வாங்கிய அட்டைக்கு ஒருவர் உரிமையாளர் ஆகலாம். அவ்வட்டையை நோக்கி வளர்ந்த ஒரு தலைமுறையின் நினைவுக்கு அவர் காவலரே ஆவர். தோட்டங்களைக் கண்டவர் குறைந்து வருகின்றனர். லயத்துச் சுவரில் எந்தப் படம் ஒட்டியிருந்தது, அது எந்த இதழோடு வந்தது, அதன்முன் யார் விளக்கேற்றினார் என்று சொல்லவல்ல முதியோர் இன்னும் நம்மிடையே உளர். அட்டையை இன்னும் பத்தாண்டு கழித்தும் எங்கேனும் வாங்கலாம். அம்முதியோரின் சொல்லை வாங்க இயலாது. ஆகவே தமிழாசிரியர்களும் ஆர்வலர்களும் முதலில் ஏடும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் செல்லுதல் வேண்டும். சட்டமும் ஆணியும் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.